மதப்பற்றும் மகிழ்ச்சியும்: முஸ்லிம் பல்கலைக்கழக மாணவர் பற்றிய உளவியல் அளவீடுகள் - ஒரு விமர்சனம்

சமயப் பற்றுள்ளவன் மகிழ்ச்சியுள்ளவனா என்னும் வினா மிகப் பழையது. அறநூலாரும் மெய்யியலாரும் ஞானியரும் அதற்கு விடை கூற முயன்றுள்ளனர். அவர்களது விடைகள் ஒன்றோடொன்று பொருந்துவனவல்ல. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வினா மெய்யியலாரின் கையிலிருந்து உளவியலாரின் கைக்கு மாறிற்று. கை மாறிய பொழுதே அதன் உருவமும் மாறிற்று. மகிழ்ச்சி யாது என்று கேட்கப்பட்ட இடத்தில் மகிழ்ச்சி எவ்வளவு என்று கேட்கப்படலாயிற்று. எவ்வளவு என்று கேட்பதற்கு அளவுகோல் வேண்டும். அளவுகோலைப் பிடித்துப் பார்ப்பதற்கு ஆட்கள் வேண்டும். உளவியல் ஆய்வாளனுக்கு எளிதிற் கிட்டும் ஆட்கள் அவனுடைய விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருக்கும் மாணவர்களேயாவர். மனித குலத்தின் மகிழ்ச்சி பற்றிக் கூறப்படும் முடிவுகள் பல, உண்மையில் பல்கலைக்கழக மாணவரின் மகிழ்ச்சி பற்றிய முடிவுகளாக இருப்பதன் காரணம் இதுவே.

முஸ்லிம் மாணவரைப் பொறுத்தவரை இத்துறையிற் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது 2006 ஆம் ஆண்டில் அஹ்மத் அப்துல் காலிக் வெளியிட்ட ஆய்வாகும். எகிப்தியரான இவர் அலெக்சாந்திரியாவிலும் பின்னர் குவைத்துப் பல்கலைக்கழகத்திலும் உளவியற் பேராசிரியராக விளங்கியவர். அறபு மொழியில் உளவியல் அளவுகோல்களை ஆக்குவதிற் பேருழைப்பை நல்கியவர். குவைத்து மாணவ மாணவியர் 2,210 பேர் இவ்வாய்விற் பங்குபற்றினர். அவர்களிடம் நான்கு வினாக்களே கேட்கப்பட்டன. ஒருவர் தமது மகிழ்ச்சியையும் உடல்நலத்தையும் உளநலத்தையும் மதப்பற்றையும் பூச்சியத்திலிருந்து பத்து வரையுள்ள எண்களுள் ஒன்றாற் குறித்தல் வேண்டும். நான்குக்குமிடையே நேரிணைபு காணப்பட்டது. மகிழ்ச்சியை எதிர்வுகூறுவதில் முதலிடம் பெற்றது உளநலமேயாயினும், மதப்பற்றுக்கும் அதில் இடமிருந்தது. மதப்பற்றுள்ளோர் கூடிய மகிழ்ச்சியுள்ளோர் என்பது ஆசிரியர் கண்ட முடிபு.

இத்தகைய முடிபொன்று ஆய்விதழின் பக்கங்களுக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. அது மேடைக்கு வருகின்றது. இஸ்லாம் மன அமைதியைத் தருகின்றது என்பதை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது என ஒரு சாரார் அதனை ஏந்திக்கொள்வர். மதம் ஒரு மயக்கமருந்து என்னும் பழைய கூற்றுக்கு இதுவே புள்ளிவிபரச் சான்று என மறுசாரார் அதே எண்ணைக் காட்டுவர். இரு சாராரும் எண்ணைப் படிக்கின்றனரேயன்றி வினாவைப் படிப்பதில்லை. இவ்விரு சாராருக்குமிடையே மூன்றாமவன் ஒருவன் உளன். அவன் தொழுகின்றான், நோன்பு நோற்கின்றான், ஆயினும் துயருறுகின்றான். மதப்பற்றுள்ளோர் மகிழ்ச்சியுள்ளோர் என்று மேடையிலிருந்து கேட்குந்தோறும், தன்னுடைய துயரமே தன் ஈமானின் குறைபாட்டுக்குச் சாட்சி என்று அவன் முடிவு செய்துகொள்ளக்கூடும். ஓர் இணைபுக் குணகம் ஒரு மாணவனுக்குத் தீர்ப்பாக மாறுவது இவ்வாறுதான். ஆகவே அக்குணகம் எவ்வாறு பெறப்பட்டது என்று வினவுவது வெறும் முறையியற் பிரச்சினையன்று.

முதலில் அளவுகோல்களின் பிறப்பை நோக்குதல் தகும். 1961 இல் அமெரிக்க உளமருத்துவரான ஆரன் பெக் மனச்சோர்வை அளப்பதற்கு 21 உருப்படிகள் கொண்ட வினாக்கொத்தொன்றை ஆக்கினார். 1989 இல் ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த மைக்கேல் ஆர்கைலும் அவருடைய உடனுழைப்பாளர்களும் அவ்வினாக்கொத்தின் உருப்படிகளைத் தலைகீழாக்கி, வேறு சிலவற்றையுஞ் சேர்த்து, 29 உருப்படிகள் கொண்ட ஒக்ஸ்போட் மகிழ்ச்சி அளவீட்டை உருவாக்கினர். மகிழ்ச்சியின் முதற்பெரும் அளவுகோல்களுள் ஒன்று நோயாளியின் படுக்கையருகே பிறந்த வினாக்களின் மறுதலையாக அமைந்தது என்பது சிந்தனைக்குரியது. துயரமின்மையே மகிழ்ச்சி என்னும் ஊகம் அதன் அடித்தளத்திலேயே வைக்கப்பட்டுவிட்டது. சேர்க்கப்பட்ட உருப்படிகளோ வேறொரு திசையில் நீண்டன. வாழ்க்கையிற் பொருளும் நோக்கமும் உண்டெனக் காண்டல், பிறர்மீது ஈடுபாடு கொள்ளல் முதலியனவும் மகிழ்ச்சியின் கூறுகளாகக் கணிக்கப்பட்டன. இவ்வரிசையில் வந்த பிற்கால வினாக்கொத்தொன்றை 2004 இல் விமர்சித்த டொட் கஷ்டான், மகிழ்ச்சியோடு தொடர்புடைய பண்புகளை மகிழ்ச்சியாகவே அது எண்ணிவிடுகின்றது எனக் குறை கூறினார். அக்குறை நியாயமானதே. வாழ்வுக்கு நோக்கமுண்டெனக் கூறுபவனுக்கு மகிழ்ச்சிப் புள்ளி வழங்கப்படுமாயின், இறைநம்பிக்கையாளன் அப்புள்ளியைப் பெறுவதில் வியப்பென்ன? அளவுகோலின் ஒரு முனையிலேயே மதம் ஏறி அமர்ந்திருக்க, மதத்துக்கும் அதற்கும் தொடர்புண்டெனக் கண்டறிவது கண்டுபிடிப்பாகாது.

இது வெறும் ஐயமன்று, சான்று உண்டு. பிரித்தானியாவில் லெஸ்லி பிரான்சிஸ் 1978 இல் கிறிஸ்தவம் பற்றிய மனப்பாங்கை அளக்க 24 உருப்படிகள் கொண்ட அளவுகோலொன்றை வெளியிட்டார். அதனை ஒக்ஸ்போட் மகிழ்ச்சி அளவீட்டோடு இணைத்துப் பிரித்தானிய மாணவரிடம் ஆராய்ந்தபோது நேரிணைபு மீண்டும் மீண்டும் காணப்பட்டது. வட அயர்லாந்தில் கிறிஸ்தோபர் அலன் லூவிசும் அவரைச் சேர்ந்தோரும் மனச்சோர்வு - மகிழ்ச்சி அளவுகோல் என்னும் வேறொரு கருவியைக் கையாண்டு 1997 இல் இளமாணி வகுப்பு மாணவரை ஆராய்ந்தனர். மதப்பற்றுக்கும் மகிழ்ச்சிக்கும் தொடர்பிருப்பதற்குச் சான்றெதுவும் கிட்டவில்லை என்பதை அவர்கள் தம் கட்டுரையின் தலைப்பிலேயே கூறினர். மதத்தை அளந்த கோல் ஒன்றே, மகிழ்ச்சியை அளந்த கோல் மாறியது, விடையும் மாறியது. ஜேர்மனிய மாணவரிடம் 2003 இல் பிரான்சிஸ் முதலானோர் ஒக்ஸ்போட் அளவீட்டையே கொண்டு சென்றபோதும் எதிர்பார்த்த இணைபு கிடைக்கவில்லை. கருவியை மாற்றினாலும் நாட்டை மாற்றினாலும் மறைந்துவிடக்கூடிய ஓர் உறவை மனித இயல்பின் விதியெனக் கொள்வது எங்ஙனம்?

பிரான்சிஸின் அளவுகோல் பின்னர் ஏனைய மதங்களுக்குஞ் சென்றது. 2002 இல் அப்துல்லாஹ் சாஹினுடன் சேர்ந்து அவர் இஸ்லாம் பற்றிய மனப்பாங்கை அளக்கும் 23 உருப்படிகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். யூதம், இந்துசமயம் ஆகியவற்றுக்கும் அதே அச்சில் அளவுகோல்கள் வார்க்கப்பட்டன. மதங்களை ஒப்புநோக்குவதற்கு ஒரே அச்சு வசதியானது என்பது உண்மை. ஆயின் அச்சு யாருடையது என்னும் வினா எழாமற் போகாது. மதத்தின்பால் ஒருவனுக்குள்ள உணர்வுச் சாய்வே மதப்பற்றின் மையம் என்னும் கருத்து, புரட்டஸ்தாந்த மரபிலே கால்கொண்ட கருத்தாகும். இஸ்லாமிய மரபு இதனைப் புறக்கணிக்கவில்லை. ஆனால் அது இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் என மூன்று நிலைகளைப் பேசுவது. உடலாற் செய்யப்படும் கடமை, உள்ளத்தில் நிலைகொள்ளும் நம்பிக்கை, இறைவனைக் காண்பதுபோல் அவனை வணங்கும் செம்மை என அவை விரிவன. தொழுகையின்பாற் சாய்வுடையவனும் வைகறைத் தொழுகைக்கு எழுபவனும் ஒருவனல்லன். சாய்வுடையவன் எழாமலிருக்கலாம், எழுபவன் சாய்வின்றிக் கடமைக்காக எழலாம். இரண்டாமவனே உயர்ந்தவன் என்று வாதிடவும் இடமுண்டு. மனப்பாங்கு அளவுகோலில் அவன் புள்ளி குறைவாகவே பெறுவான்.

குவைத்து ஆய்வோ இவ்வளவு சிக்கலுக்குள் இறங்கவில்லை. அது ஒற்றை வினாவோடு நின்றது. ஒற்றை வினாக்களின் எளிமையை அவற்றின் சிறப்பாகவே அப்துல் காலிக் கருதினார். அவை நீண்ட அளவுகோல்களோடு போதிய அளவு உடன்படுவதையும் அவர் காட்டினார். அக்கணிப்பில் பிழை காண்பது இங்கு நோக்கமன்று. அவ்வினாவுக்கு ஒரு முஸ்லிம் மாணவன் எந்நிலையில் நின்று விடையளிக்கின்றான் என்பதே நோக்கற்பாலது.

உன்னுடைய மதப்பற்றுக்குப் பத்தில் எத்தனை புள்ளி என்று கேட்கப்படுகின்றது. ஒன்பது என்று எழுதுபவன் யார்? தன் பக்தியைத் தானே மெச்சுதல் இஸ்லாமிய ஒழுக்க மரபில் நோய்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுவது. பிறர் காண வணங்கும் றியாவையும், தன் செயலைத் தானே வியக்கும் உஜ்பையும் இமாம் கஸ்ஸாலி தம்முடைய இஹ்யாவில் அழிவுதருவனவற்றுள் வைத்து விரிவாக ஆராய்ந்தார். அம்மரபை உண்மையில் உள்வாங்கியவன் எட்டு என எழுதப் பேனாவை எடுத்து, நான்கு என எழுதுவான். அதனை அறியாதவனும், அறிந்தும் பொருட்படுத்தாதவனும் ஒன்பது எழுதத் தயங்கான். ஆகவே இவ்வினா மதப்பற்றை அளப்பதோடு, தன் மதப்பற்றைப் பற்றி ஒருவனுக்குள்ள திருப்தியையும் சேர்த்தே அளக்கின்றது. தன்னைப் பற்றிய திருப்தி மகிழ்ச்சியோடு இணைந்து காணப்படுதல் இயல்பே. அதனை மதத்தின் கொடை என்று கூறுவதற்கு அந்த ஒற்றை எண் போதாது.

அடுத்த வினாவிலோ நிலைமை மறுதலையாகின்றது. நீ பொதுவாக மகிழ்ச்சியாயிருக்கின்றாயா என்று கேட்டால், நோயிலும் வறுமையிலும் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று விடையிறுக்கப் பயின்றவன் ஒரு முஸ்லிம். அவ்விடை பொய்யன்று, அது ஷுக்று எனப்படும் நன்றியறிதலின் வெளிப்பாடு. தன் குறையை இறைவனிடம் முறையிடலாம், மனிதரிடம் முறையிடுதல் சிறப்பன்று என்னும் பயிற்சி அதன் பின்னணியில் உண்டு. எனவே மகிழ்ச்சிக்கு அவன் இடும் உயர்ந்த புள்ளியும் ஒரு வகையில் வணக்கமேயாகும். மதப்பற்றின் ஒரு வெளிப்பாட்டை மகிழ்ச்சி என்னும் பெயரில் பதிவு செய்து, மதப்பற்றின் வேறொரு வெளிப்பாட்டோடு அதனை இணைத்து, இரண்டும் ஒத்துச் செல்கின்றன என்று கூறுவது மதத்தை மதத்தோடு ஒப்பிட்டதாக முடியுமன்றோ?

இவ்விரு நிலைமைகளையும் சேர்த்து நோக்கினால் சுவையான முடிபொன்று தோன்றும. பணிவும் நன்றியும் ஒருங்கே முதிர்ந்தவன் மதப்பற்றுக்குக் குறைந்த புள்ளியும் மகிழ்ச்சிக்குக் கூடிய புள்ளியும் இடுவான். மரபு யாரை மிகவுயர்ந்த விசுவாசி என்று கொள்ளுமோ அவனே இணைபைக் குலைப்பவனாகின்றான். அவ்வாறாயின் ஆய்வுகளிற் காணப்படும் நேரிணைபு, உச்சியில் நிற்போரால் ஆவதன்று. இடைநிலையில் நிற்கும் பெருந்தொகையினரால் ஆவது எனலாம். பல்கலைக்கழக மாணவருட் பெரும்பாலார் இடைநிலையினரே என்பது வேறு விடயம்.

சொல்லின் பொருளும் கவனத்துக்குரியது. அறபு வினாக்களில் மகிழ்ச்சிக்கு வழங்கும் சொல் 'ஸஆதா' என்பதாகும். அல்குர்ஆனில் இச்சொல்லின் வேர் ஹூத் அத்தியாயத்தில் 105 ஆம், 108 ஆம் வசனங்களில் மட்டுமே வருகின்றது. அவ்விரண்டிடத்தும் அது மறுமையில் நற்பேறு பெற்றோரையே குறிக்கின்றது. இம்மையின் களிப்பைக் குறிக்கும் 'ஃபரஹ்' என்னும் சொல்லோ இரு முகங்கொண்டது. செல்வத்திற் செருக்குற்ற காரூனை எச்சரிக்கும் இடத்தில் அது கடியப்படுகின்றது. யூனுஸ் அத்தியாயத்தில் இறையருள் குறித்து அது விதிக்கப்படுகின்றது. இறைதியானத்தால் இதயங்கள் பெறும் அமைதியோ இவ்விரண்டினும் வேறான 'இத்மினான்' என்னும் சொற்குடும்பத்தைச் சேர்ந்தது. அல்பாறாபி ஸஆதாவை அடைதல் பற்றித் தனிநூலே இயற்றினார். அவர் கண்ட ஸஆதா அறிவின் நிறைவு. இவ்வளவு வரலாறு கொண்ட சொல்லைப் பத்துப் புள்ளிகளுக்குள் அடைக்கும்போது குவைத்து மாணவி எந்தப் பொருளைக் கொண்டு விடையளித்தாள் என்பதை வினாக்கொத்து கேட்கவில்லை. இன்றைய வழக்கறபில் அச்சொல் அன்றாட மகிழ்ச்சியையே குறிக்கும் என விடையிறுக்கலாம். அதுவும் உண்மையே. ஆயின் மதப்பற்றை அளக்கும் வினாவை அடுத்து அச்சொல் நிற்கும்போது பழைய பொருள் முற்றாக உறங்கிவிடும் என்று யாரால் உறுதி கூற முடியும்?

கஸ்ஸாலியின் வரலாறே இவ்வளவீடுகளுக்குத் தக்க உரைகல்லாகும். 1091 இல் அவர் பக்தாதின் நிஸாமிய்யாக் கலாபீடத்தின் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அக்காலத்து முஸ்லிம் உலகில் அதனினும் உயர்ந்த கல்விப்பதவி அரிது. நூற்றுக்கணக்கான மாணவர் அவரிடம் கற்றனர். நான்காண்டுகளின் பின் 1095 இல் அவருக்குப் பேச்சு எழவில்லை. உணவு செல்லவில்லை. மருத்துவர் கைவிட்டனர். தம்முடைய போதனை இறைவனுக்காக அன்றிப் புகழுக்காகவே நிகழ்கின்றது என்னும் உணர்வு அவரை ஆட்கொண்டதென அவரே தம் தன்வரலாற்று நூலாகிய 'அல்முன்கித் மினள் ழலால்' என்பதிற் கூறியுள்ளார். பதவியைத் துறந்து தமஸ்கசுக்குச் சென்றார். பல்லாண்டுகள் தனித்து வாழ்ந்தார். மகிழ்ச்சியின் இரசவாதம் எனப் பொருள்படும் 'கீமியாயே ஸஆதத்' என்னும் நூலைப் பாரசீகத்தில் எழுதியவரும் அவரே.

1093 இல் நிஸாமிய்யாவின் விரிவுரை மண்டபத்தில் ஒருவர் வினாக்கொத்தை நீட்டியிருந்தால் பேராசிரியர் கஸ்ஸாலியின் புள்ளிகள் இரண்டும் உயர்ந்தே இருந்திருக்கும். 1095 இல் இரண்டும் வீழ்ந்திருக்கும். ஆய்வாளர் மதப்பற்றுக் குறைந்ததால் மகிழ்ச்சி குறைந்தது என எழுதியிருப்பார். நிகழ்ந்ததோ அதற்கு நேர்மாறு. மதப்பற்று ஆழமானதனாலேயே அவர் மகிழ்ச்சியை இழந்தார். அவ்விழப்பின் ஊடாகவே பின்னர் தாம் ஸஆதத் என்று அழைத்ததை அடைந்தார். ஒரு நாளில் ஒரு வகுப்பறையில் ஒரு முறை எடுக்கப்படும் அளவீடு காலத்தில் நிகழும் இத்தகைய இயக்கத்தைப் பிடிக்கவல்லதன்று. நிழற்படமொன்று ஓடுபவனையும் விழுபவனையும் ஒரே தோற்றத்திற் காட்டிவிடும். இளமாணி வகுப்பு மாணவரின் வயது, பெற்றோரிடமிருந்து பெற்ற மதம் தன்னுடைய மதமாவதோ ஆகாது போவதோ நிகழும் வயதாகும். அவ்வயதினரிடம் இக்குறைபாடு மேலும் பெரிதாகின்றது.

தமிழில் இதற்கு உதாரணந் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்களைப் படித்தவர் அவற்றிற் பாதி புலம்பல் என்பதை அறிவர். இறைவனைக் காதலியாகக் கண்டு அவளது பிரிவில் வாடும் ஏக்கம் அவற்றின் உயிர். ஆனந்தக் களிப்பும் அங்கே உண்டு. ஆனால் அது ஏக்கத்தோடு கலந்து நிற்பதேயன்றி ஏக்கத்தை வென்று நிற்பதன்று. அவரை மகிழ்ச்சியுள்ளவர் என்பதா, துயருற்றவர் என்பதா? சைவ, வைணவ பக்திப் பாடல்களிற் பயின்ற தமிழ் வாசகனுக்கு இவ்வினாவே பொருத்தமற்றதாகத் தோன்றும். மனச்சோர்வின் மறுதலையே மகிழ்ச்சி என்னும் அளவுகோலுக்கு இக்கலவை நிலை புரியாத ஒன்று.

இனி, தனிமனிதனைச் சூழ்ந்துள்ள சமூகத்தை நோக்குதல் வேண்டும். எட் டீனர், லூயிஸ் டே, டேவிட் மயர்ஸ் ஆகியோர் 2011 இல் உலகளாவிய கருத்துக்கணிப்புத் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வு இவ்விடத்து முக்கியமானது. வாழ்க்கை நிலைமைகள் கடினமான நாடுகளிலேயே மதப்பற்றுக்கும் நல்வாழ்வுணர்வுக்கும் இடையிலான தொடர்பு வலுவாகக் காணப்பட்டது. வசதிமிக்க நாடுகளில் மதப்பற்றுள்ளோரும் அல்லாதோரும் ஏறக்குறைய ஒத்த நிலையில் இருந்தனர். மக்களிற் பெரும்பாலார் மதப்பற்றுள்ளோராய் வாழும் நாட்டில் மதப்பற்றாளன் கூடிய பயனை அடைகின்றான் என்பதும் அதில் தெரிந்தது. 2012 இல் யோகன் கெபவர் முதலானோர் ஐரோப்பிய நாடுகள் பதினொன்றின் தரவுகளைக் கொண்டு இதையொத்த கருத்தைக் கூறினர்: மதப்பற்று போற்றப்படும் பண்பாட்டிலே அது உளநலத்தோடு இணைகின்றது, போற்றப்படாத பண்பாட்டில் அவ்வாறு இணைவதில்லை.

குவைத்தின் நிலையை இவ்வெளிச்சத்திற் காணலாம். எண்ணெய் வளத்தால் அது செல்வ நாடு. அவ்வளவில் இணைபு நலிந்திருக்க வேண்டும். ஆயின் அங்கு இஸ்லாம் அரசின் மதம், குடும்பத்தின் மதம், தெருவின் மதம். தொழுகை நேரத்துக்கு ஏற்ப நாள் அமைகின்றது. றமழானில் ஊரே இரவாகப் பகலாக மாறுகின்றது. மதப்பற்றுள்ள மாணவன் நீரோட்டத்தின் வழியே நீந்துகின்றான். அவனது மகிழ்ச்சியில் இறைவனிடமிருந்து வருவது எத்தனை பங்கு, அயலாரின் மதிப்பிலிருந்து வருவது எத்தனை பங்கு? இப்பிரிப்பைச் செய்வது நாத்திகம் என்று எண்ணத் தேவையில்லை. றியாவைப் பற்றி எழுதிய கஸ்ஸாலி செய்ததும் இப்பிரிப்பையே.

நீரோட்டத்துக்கு எதிராக நீந்துபவன் நிலை வேறு. ஈழநாட்டு முஸ்லிம் மாணவனைப் பற்றிக் குவைத்து எண்களைக் கொண்டு பேச முடியாமைக்குக் காரணம் இதுவே. அவன் மொழியால் தமிழ் பேசுவோருடனும் மதத்தால் தன் சமூகத்துடனும் சேர்ந்தவன். இரு சிறுபான்மைகளின் சந்தியில் நிற்பவன். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் 70,000 க்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அதே காலத்தில் கிழக்கிலும் இரு சமூகங்களுக்கிடையே இரத்தம் சிந்தப்பட்டது. முஸ்லிம் மாணவர் பலர் தாம் கற்ற பல்கலைக்கழகங்களுக்குத் திரும்ப அஞ்சிய சூழலில்தான் 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1996 இல் பல்கலைக்கழகமாகி, ஒலுவிலில் நிலைபெற்றது. 2019 ஏப்பிரல் 21 ஆம் திகதித் தாக்குதல்களின் பின்னர் முகத்தை மூடும் ஆடைக்கு அவசரகால விதிகளின் கீழ்த் தடை விதிக்கப்பட்டது. அச்செயலில் எவ்விதப் பங்குமற்ற மாணவியர் தம் உடையின் பொருட்டே ஐயத்துடன் நோக்கப்பட்டனர். இத்தகைய சூழலில் ஒரு மாணவி தன் மதத்தை இறுகப் பற்றுவாளாயின், அப்பற்று அவளுக்கு ஆறுதலையும் தரும். அவள் மீது விழும் பார்வைகளையும் பெருக்கும். ஒரே பற்று இரு திசைகளில் இழுக்கின்றது. இணைபுக் குணகம் இவ்விரு இழுப்புக்களையும் கூட்டிக் கழித்து, ஒருவேளை பூச்சியத்தை விடையாகத் தரும். அப்பூச்சியத்தை மதத்துக்கும் மகிழ்ச்சிக்கும் தொடர்பில்லை என்று வாசிப்பவர் அம்மாணவியின் வாழ்க்கையில் நிகழ்ந்த யாவற்றையும் தவறவிட்டவராவர். குடும்பத்திலிருந்து முதன்முறையாகப் பிரிந்து பேராதனையிலோ கொழும்பிலோ விடுதி வாழ்க்கை வாழும் மாணவருக்கு முஸ்லிம் மஜ்லிஸ் போன்ற மன்றங்கள் நட்பையும் துணையையும் வழங்குகின்றன. அத்துணையை மதத்தின் பயன் என்று கணிப்பதா, தோழமையின் பயன் என்று கணிப்பதா என்பதும் எளிதிற் தீரும் வினாவன்று.

இவ்வளவுங் கூறியது கொண்டு அளவிடும் முயற்சியே வீண் எனக் கருதுதல் தவறாகும். எண்களை வெறுப்பது கலைப்பீடத்தாரின் பழைய பலவீனம். அப்துல் காலிக்கின் உழைப்பு ஒரு பெரிய குறையை நீக்கிற்று. மதமும் உளநலமும் பற்றிய ஆராய்ச்சி ஏறத்தாழ முழுவதும் அமெரிக்கக் கிறிஸ்தவ மாணவரைப் பற்றியதாகவே இருந்த காலத்தில் அவர் அறபு மாணவரை ஆய்வின் மையத்துக்குக் கொண்டுவந்தார். கருவிகளும் திருந்தி வருகின்றன. மதத்தை நோக்கமாகக் கொள்வோரையும் அதனைக் கருவியாகக் கொள்வோரையும் கோடன் ஓல்போட்டும் மைக்கேல் றொஸ்ஸும் 1967 இல் வேறுபடுத்திக் காட்டினர். தெஹ்ரான் பல்கலைக்கழகத்து நீமா கொர்பானி, பீ. ஜே. வொட்சன் முதலானோர் அவ்வேறுபாட்டை ஈரானிய மாணவரிடம் ஆராய்ந்தனர். இவற்றினும் பயனுடையது 2008 இல் ஹிஷாம் அபூ றய்யாவும் கென்னத் பார்கமன்றும் பிறரும் வெளியிட்ட இஸ்லாமிய மதப்பற்று அளவீடாகும். முஸ்லிம்களுடன் நேரிற் பேசி, அவர்களது சொற்களிலிருந்தே அதன் உருப்படிகள் ஆக்கப்பட்டன. அதைவிட முக்கியமாக, நம்பிக்கையில் எழும் போராட்டத்துக்கும் அங்கு தனியிடம் வகுக்கப்பட்டது. ஐயம், இறைவன் தன்னைத் தண்டிக்கின்றான் என்னும் எண்ணம் ஆகியனவும் மதவாழ்வின் பகுதிகளாகவே எண்ணப்பட்டன. அப்போராட்டத்தில் உள்ளோரின் நல்வாழ்வுணர்வு குறைந்து காணப்பட்டது. முன்னர் கூறிய மூன்றாமவன், தொழுதும் துயருறும் அம்மாணவன், இங்குதான் முதன்முறையாக ஆய்வாளரின் கண்ணிற் படுகின்றான். அவன் மதப்பற்றுக் குறைந்தவன் என்று இவ்வளவீடு கூறுவதில்லை. மதத்தினுள்ளே நின்று மல்லாடுபவன் என்று கூறுகின்றது. பள்ளிவாசல் இமாமும் பல்கலைக்கழக உளவள ஆலோசகரும் அறிந்திருக்கவேண்டிய வேறுபாடு இது.

இலங்கையில் இத்தகைய ஆய்வொன்று தமிழில் நடத்தப்படுமாயின் முதற் சிக்கல் மொழிபெயர்ப்பாகவே இருக்கும். 'மகிழ்ச்சி' எனப் போட்டால் மாணவர் பெருநாளையும் பரீட்சைப் பெறுபேற்றையும் நினைப்பர். 'இன்பம்' என்றால் இலக்கியம் படித்தவன் ஒன்றையும் படிக்காதவன் வேறொன்றையும் நினைப்பான். 'பேரின்பம்' சைவ நூலிலிருந்து வந்த சொல்லாக ஒலிக்கும். அக்கரைப்பற்றிலோ புத்தளத்திலோ ஒரு தாய் விடுதியிலிருந்து வந்த மகளிடம் இவற்றுள் எதனையும் கேட்பதில்லை, 'நிம்மதியா இருக்கிறியா?' என்றே கேட்கின்றாள். இத்மினானுக்கு மிக அணுக்கமான தமிழ்ச்சொல் அதுவாகலாம். ஆனால் அதனை வினாக்கொத்தில் இட்டால் ஒக்ஸ்போட் அளவீட்டோடும் குவைத்து எண்களோடும் ஒப்பிட முடியாது என்று புள்ளிவிபரவியலார் மறுப்பர். அம்மறுப்பு முறையானதே. ஒப்பிடுவதற்காகத் தாயின் சொல்லை விடுவதா, தாயின் சொல்லுக்காக ஒப்பீட்டை விடுவதா என்பதை ஆய்வைத் தொடங்குவோர் முதலில் தீர்மானித்தல் வேண்டும்.